முத்திரை இன்ஸ்பெக்டர் சந்தேகப்பட்ட மாத்திரை

குமரகுருபரன் முப்பத்தொரு வருடம் எடை அளவுத் துறையில் வேலை பார்த்தவர். கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைப்பது, முத்திரை இல்லாததைப் பறிமுதல் செய்வது, இதுதான் உத்தியோகம். வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வாடிக்கையாளரைப் போலப் போய் நிற்பார். ஏரல் சந்தையில் ஒரு வெங்காய வியாபாரி தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்திருந்ததை, தட்டு ஆடின ஆட்டத்தை வைத்தே கண்டுபிடித்தார். டவுணில் அட்டை டப்பாவையும் சேர்த்து அல்வா எடை போட்ட கடைக்காரர் ஒருவர், இவர் தலை தெரிந்தாலே கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆன பிறகும் அந்தக் கண் மாறவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே நிறுத்துப் பார்ப்பார். பால் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்ப்பார். மகளுக்கு வரன் பார்த்த காலத்தில், பையனின் சம்பளச் சான்றிதழில் இருந்த கையெழுத்தைச் சரிபார்க்க அவன் ஆபீசுக்கே போய்வந்தவர். மகள் இப்போது கோயம்புத்தூரில் நன்றாகத்தான் இருக்கிறாள். மேல ரத வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் வீட்டில் அவரும் மனைவி பாலம்மாளும் மட்டும்.

பாலம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவருக்கு ரத்த அழுத்தம் வந்த நாளிலிருந்து, காலையில் காபிக்கு முன்னால் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து உடைத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புவார். எட்டு வருடமாக அது ஒரே மாத்திரை. டென்ரிவா. நீல நிற அட்டை, வெள்ளி எழுத்து.

அந்த ஆனி மாதம் பாளையங்கோட்டையில் டாக்டர் எஸ்றாவைப் பார்க்கப் போயிருந்தார்கள். டாக்டர் சீட்டில் எழுதும்போது, "இந்தத் தடவை கம்பெனிப் பேரை எழுதலம்மா. மருந்தோட பேரையே எழுதியிருக்கேன். எங்கன வேணும்னாலும் வாங்கிக்கிடலாம்" என்றார். பாலம்மாள் தலையாட்டினார். குமரகுருபரன் காதில் அது விழவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைத் திருப்பி, அடிப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாலம்மாள் தெற்கு ரத வீதிப் பக்கம் புதிதாக வந்திருந்த ஜெனரிக் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தார். குமரகுருபரன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெறும் வெள்ளி அட்டை. கறுப்பு மையில் பொடி எழுத்து. படம் இல்லை, நிறம் இல்லை.

"இது என்னது?"

"உங்க பிரஷர் மாத்திரைதான். டாக்டர் எழுதுனது."

"நம்ம மாத்திரை நீலம்லா?"

"பேருதான் வேற. மருந்து அதேதான்னு அந்தக் கடைப் பிள்ளை சொல்லுச்சு. விலை அஞ்சுல ஒண்ணுதான் இருக்கு."

பாலம்மாள் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு பொருள் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்றால் மிச்ச நான்கு பங்கு எங்கே போனது? முப்பத்தொரு வருட அனுபவத்தில் அந்தக் கேள்விக்கு அவருக்கு ஒரே பதில்தான் தெரியும். பொருளிலிருந்து போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் சட்டைப் பையில் பழைய மாத்திரை ஒன்றும் புதிய மாத்திரை ஒன்றும் போட்டுக்கொண்டு ஐயம்பெருமாளின் நகைக்கடைக்குப் போனார். அந்தக் கடைத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வைத்தவர் இவர்தான். தங்கத்தை மில்லிகிராம் வரைக்கும் காட்டுகிற, கண்ணாடி மூடி போட்ட தராசு.

"வே, இந்த ரெண்டையும் தனித்தனியா நிறுத்துக் குடும்" என்றார்.

ஐயம்பெருமாள் மாத்திரைகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். பழையது நூற்று அறுபத்திரண்டு மில்லிகிராம். புதியது இருநூற்று நான்கு.

"கூடுதலாத்தான் இருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு லாபம்தான்."

"அங்கனதான் விஷயமே இருக்கு. நாப்பத்திரண்டு மில்லி கூடுதல். என்னத்தப் போட்டு ஏத்துனான்? சுண்ணாம்பா, மாவா?"

"குறைஞ்சாலும் குத்தம், கூடுனாலும் குத்தமா?"

குமரகுருபரன் அந்த இரண்டு எண்களையும் சிறிய நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வேட்டியும் மஞ்சள் பையுமாக, மருந்துக் கடைக்குப் போனார். கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஷம்ஸியா, மேலப்பாளையத்துக்காரி, மருந்தாளுநர் படிப்பு முடித்தவள். அவள் தலைக்கு மேலே கடை உரிமமும் அவளுடைய பதிவுச் சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. குமரகுருபரன் முதலில் அவற்றை வாசித்தார். தேதி காலாவதி ஆகவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"என்ன வேணும் சார்?"

அவர் டாக்டர் சீட்டை நீட்டினார். "இந்தப் பிரஷர் மாத்திரை எந்தக் கம்பெனி?"

அவள் அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"பேட்ச் நம்பர் பில்லுல வருமா?"

"வரும் சார். காலாவதித் தேதியும் வரும்."

"சரக்கு எங்கேருந்து வருது? வெயில்ல வச்சு இறக்குவாங்களா?"

ஷம்ஸியா அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "சார் எந்த டிபார்ட்மென்ட்?"

குமரகுருபரன் கொஞ்சம் தடுமாறி, பிறகு நோட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்து, இரண்டு எடைகளையும் விரலால் சுட்டிக் காட்டினார். "ரெண்டும் ஒரே மருந்துன்னா எடை ஏன் ஒண்ணா இல்ல? அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. "இதுல மருந்து அஞ்சு மில்லிகிராம்தான் சார். ரெண்டு உப்புக்கல் அளவுகூட வராது. அதை மட்டும் தந்தா உங்களால கையில எடுக்கவே முடியாது. அதனால மருந்தில்லாத தூளைச் சேர்த்து அழுத்தி மாத்திரையாக்குவாங்க. அந்தத் தூளு கம்பெனிக்குக் கம்பெனி வேற. அதான் எடை மாறுது, நிறம் மாறுது. உள்ள இருக்கிற அஞ்சு மாறக் கூடாது."

"மாறக் கூடாதுன்னு சொல்லுத. மாறலன்னு எப்படித் தெரியும்?"

"சர்க்கார் ஆய்வாளர் வந்து மாதிரி எடுத்துட்டுப் போய்ச் சோதிப்பாங்க. இந்த மாத்திரையையும் எடுப்பாங்க, பெரிய கம்பெனி மாத்திரையையும் எடுப்பாங்க. ரெண்டுக்கும் ஒரே விதிதான்."

"அப்ப விலை ஏன் குறையுது?"

"இதை முதல்ல கண்டுபிடிச்ச கம்பெனிக்கு இருந்த காப்புரிமை முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு சார். இப்ப யார் வேணும்னாலும் லைசென்ஸ் வாங்கிச் செய்யலாம். இவங்க விளம்பரம் பண்ணுதது இல்ல. டாக்டர் வீடு வீடா ஆள் அனுப்புதது இல்ல."

அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. புளி ஒட்டியிருந்த வியாபாரியும் இப்படித்தான் சரளமாகப் பேசினான். மாத்திரை வாங்காமல் பையை மடக்கிக்கொண்டு இறங்கினார்.

வீட்டில் சண்டை போட அவருக்கு விருப்பம் இல்லை. பாலம்மாள் வழக்கம்போலக் காலையில் உள்ளங்கையில் புதிய மாத்திரையை வைத்தார். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு. இது சுண்ணாம்பு என்றால் ரத்த அழுத்தம் ஏறிவிடும். ஏறினால் பக்கவாதம். அவருடைய அப்பா அப்படித்தான் படுத்தார். ஆகவே வழக்கமான பழைய கடைக்குத் தனியாகப் போய் டென்ரிவா இரண்டு அட்டை வாங்கி, அலமாரியில் பழைய ஆபீஸ் கோப்புக்குள் ஒளித்து வைத்தார். பாலம்மாள் அடுப்படிக்குப் போனதும் அதிலிருந்து ஒன்று. பொய் மாத்திரையோடு மெய் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் கெடுதல் என்ன வந்துவிடும் என்று நினைத்தார்.

ஐந்தாம் நாள் செருப்பு இறுக்கியது. எட்டாம் நாள் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, பைய நிறைந்தது. கட்டிலிலிருந்து எழுந்தால் சுவர் ஒரு நொடி நகர்ந்து நின்றது. அவருக்குப் பயமாகவும் இருந்தது, ஒருவகையில் திருப்தியாகவும் இருந்தது. சாட்சியம் கிடைத்துவிட்டதே. நோட்டில் எழுதினார்: 'புதிய மாத்திரை ஆரம்பித்து எட்டாம் நாள். இரு கால்களிலும் வீக்கம். தலைச்சுற்றல்.' மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு புகார் மனுவும் எழுதத் தொடங்கினார்.

அதே நாட்களில் பாலம்மாளையும் கவனிக்கத் தொடங்கியிருந்தார். எந்த அட்டையிலிருந்து உடைக்கிறார், எத்தனை மிச்சம் இருக்கிறது, உடைக்கும்போது முகம் எப்படி இருக்கிறது. பாலம்மாளும் அதைக் கவனித்தார்.

"எதுக்கு என் கையையே பாக்குதீய?"

"ஒண்ணுமில்ல."

"கால் ஏன் வீங்கியிருக்கு?"

"காத்தடிக்கில்லா, வாயுவா இருக்கும்."

பதினான்காம் நாள் வழக்கம்போல இரண்டு மாத்திரைகளையும் முடித்துக்கொண்டு குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனார். சாரல் காலம். ஆற்றில் தண்ணீர் குளிர்ந்து, படித்துறைக்கு மேல் இரண்டு படி ஏறி ஓடிக்கொண்டிருந்தது. நாலு முழுக்குப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து தலை துவட்டினார். எழுந்தார். கண்ணுக்கு முன்னால் ஆறும் மண்டபமும் வெளுத்துப்போய், பிறகு கறுத்தன.

விழித்தபோது நெற்றியில் ஒருவர் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். குளிக்க வந்த ஆட்டோக்காரர் சுடலைக்கண்ணு. "அசையாதீங்க அண்ணாச்சி. பின்னால சாஞ்சிருந்தீங்கன்னா ஆத்துக்குள்ள போயிருப்பீங்க. படியில விழுந்ததால தப்பிச்சீங்க."

சுடலைக்கண்ணு ஆட்டோவிலேயே சந்துக்குப் போய்ப் பாலம்மாளையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனார். ஏறும் முன் குமரகுருபரன் மனைவியிடம் ஒன்றுதான் சொன்னார். "அலமாரியில அந்தப் பச்சை ஆபீஸ் ஃபைலை எடுத்துக்கோ."

டாக்டர் எஸ்றா காயத்துக்கு மூன்று தையல் போட்டார். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றுப் பத்து. நிற்க வைத்துப் பார்த்தார். தொண்ணூறு. கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்க சார்?" என்று கேட்டார்.

குமரகுருபரன் இதற்காகத்தான் காத்திருந்தார். கோப்பைத் திறந்தார். எடை விவரம், நாள் வாரியாகக் கால் வீக்கம், பாதி எழுதின புகார் மனு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு வெள்ளி அட்டையும், டென்ரிவாவின் இரண்டு நீல அட்டைகளும். "இந்த வெள்ளி அட்டை ஆரம்பிச்சதுலேருந்துதான் டாக்டர். எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

டாக்டர் தாள்களை விட்டுவிட்டு நீல அட்டைகளைக் கையில் எடுத்தார். ஒன்று முழுக்கக் காலி. இன்னொன்றில் நான்கு குழி காலி. "இதுல பதினாலு இல்லையே. இதை யாரு சாப்பிட்டா?"

"நான்தான். இல்லன்னா பிரஷர் ஏறிருமே."

"வெள்ளி அட்டையையும் சாப்பிட்டீங்களா?"

"அது இவ முன்னால. இது பொறவு."

டாக்டர் மேசை டிராயரிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "டென்ரிவாங்கிற பெரிய எழுத்தை விடுங்க. அதுக்குக் கீழ பொடியா இருக்குல்லா, அதைச் சத்தமா வாசிங்க."

"அம்லோடிபின்... அஞ்சு மில்லிகிராம்."

"இப்ப வெள்ளி அட்டை."

குமரகுருபரன் வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். ஒரே எழுத்து, ஒரே எண். பிஸ்கட் பொட்டலத்தின் மூலையில் கடுகளவு எழுத்தில் இருக்கும் நிகர எடையைத் தெருவிலேயே நின்று வாசித்தவர். எட்டு வருடமாகத் தன் வாய்க்குள் போகிற மாத்திரையின் பெயரை ஒருநாளும் வாசித்ததில்லை.

"ரெண்டும் வேலை செய்யுது சார். அதான் தொந்தரவே. பதினாலு நாளா ரெண்டு மடங்கு மருந்து எடுத்திருக்கீங்க. அதுல கால் வீங்கும், தலை சுத்தும். இன்னொண்ணும் சொல்லுதேன். நீங்க அசல்னு நம்புன டென்ரிவாவும் முதல்ல கண்டுபிடிச்ச கம்பெனி செஞ்சது இல்ல. அதுவும் இது மாதிரிதான். ஒரு பேரு போட்டு வித்தாங்க, அவ்வளவுதான்."

"அப்ப கலப்படமே இல்லன்னு சொல்லுதீங்களா?"

"அப்படி நான் எங்க சொன்னேன்? எந்த மருந்துலயும் தப்பு நடக்கலாம். சந்தேகம்னா என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். பில்லு வச்சிருங்க, பேட்ச் நம்பர் வச்சிருங்க, மாத்திரை மாறினதும் ரெண்டு வாரம் பிரஷர் பாருங்க. நீங்களா ஒண்ணைக் கூட்டாதீங்க, நீங்களா ஒண்ணை நிறுத்தாதீங்க. இன்னைக்கும் நாளைக்கும் மாத்திரை வேண்டாம். நாளன்னைக்கு வந்து காட்டுங்க, பாத்துட்டு ஒண்ணு மட்டும் ஆரம்பிப்போம்."

பாலம்மாள் வீட்டுக்கு வந்து, அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

"பதினாலு நாளு. என் கையில வாங்கி முழுங்கிட்டு, நான் திரும்புன பொறவு வேற தின்னுருக்கீய."

"உன்னைச் சந்தேகப்படல. மாத்திரையைத்தான்."

"மாத்திரை என் கையிலதான இருந்தது."

மூன்றாம் நாள் டாக்டர் ஒரு மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னபோது, பாலம்மாள் வெள்ளி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உடைத்துக் கையில் தரவில்லை. அன்றிலிருந்து அவரே உடைத்து அவரே விழுங்கினார். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

ஒரு மாதம் அந்த வெள்ளி அட்டை மாத்திரை மட்டும்தான். வாரத்துக்கு இருமுறை, ஒரே நேரத்தில், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆன பிறகு ரத்த அழுத்தம் பார்த்து எழுதினார். நூற்று இருபத்தெட்டு, நூற்று முப்பத்திரண்டு, நூற்று முப்பது. டென்ரிவா மட்டும் சாப்பிட்ட காலத்துப் பழைய சீட்டுகளில் இருந்த எண்களும் ஏறக்குறைய இவைதான். கால் வீக்கம் பத்து நாளில் வடிந்தது. புகார் மனுவைக் கிழித்துப் போட்டார்.

மாத்திரை தீர்ந்ததும் ஷம்ஸியாவின் கடைக்கு இந்தத் தடவை மஞ்சள் பை இல்லாமல் போனார். நெற்றித் தழும்பை அவள் பார்த்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்பு என் பேர்லயும் இருக்கு சார். பழைய மாத்திரை வீட்ல மிச்சம் இருக்கா, ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடாதீங்கன்னு நான் அம்மாகிட்டச் சொல்லியிருக்கணும்" என்றாள். அட்டையின் பின்பக்கம் பேனாவால் 'பிரஷர் – காலை ஒன்று' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அங்கேயே நின்று பேட்ச் எண்ணை பில்லோடு ஒத்துப் பார்த்தார். அவள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாருங்க சார். எல்லாரும் இப்படிப் பாத்தா எங்களுக்கும் நல்லதுதான்" என்றாள்.

ஆவணி பிறந்த ஒரு மத்தியானம். குமரகுருபரன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பாலம்மாள் வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அவர் மடியில் வைத்தார். உள்ளே நாலைந்து அட்டைகள்.

"என்னது?"

"என் முட்டு வலிக்கு எலும்பு டாக்டர் எழுதினது ஒண்ணு. முதுகுக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கினது ஒண்ணு. மிச்சம் சத்து மாத்திரை. ரெண்டு மாசமா நெஞ்சு எரியுது. கீழ என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

"மெடிக்கல்ல நீயா கேட்டு வாங்குனியா? சீட்டு இல்லாமயா?"

"அதைப் பொறவு பேசுவோம். முதல்ல வாசிங்க."

அவர் வாசித்தார். இரண்டு வலி மாத்திரைகளுக்கும் பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. கீழே பொடி எழுத்தில் ஒன்றில் டைக்ளோபெனாக். இன்னொன்றில் டைக்ளோபெனாக்கும் பாராசிட்டமாலும். அவர் இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து விரலால் காட்டினார். பாலம்மாள் குனிந்து பார்த்தார். கணக்கு டீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாளே டாக்டர் எஸ்றாவிடம் போனார்கள். டாக்டர் இரண்டையும் உடனே நிறுத்தச் சொன்னார். வயிற்றில் புண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைக்கு எழுதினார். வலிக்கு வேறு வழி சொன்னார். பிறகு அட்டைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒண்ணுன்னு யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

குமரகுருபரன் வாயைத் திறந்தார்.

"நான்தான் வாசிக்கச் சொன்னேன்" என்றார் பாலம்மாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு, மருந்துச் சீட்டை எடுத்து, டாக்டர் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.